பழைய பேஸ் கிட்டார்: எதை முதலில் தொடுவது, எதைத் தொடாமல் விடுவது?

கேள்வி: முப்பது வருடப் பழைய நான்கு தந்தி பேஸ் கிட்டார் ஒன்று கிடைத்திருக்கிறது. 34 அங்குல ஸ்கேல், திருகிப் பொருத்திய நெக், இரண்டு சிங்கிள் காயில் பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சிக்னலாக்கும் காந்தச் சுருள்), இரண்டு வால்யூம், ஒரு டோன். வால்யூமைத் திருப்பினால் கரகரக்கிறது. ஓயாமல் உர்ர்ரென்று இரைச்சல். தந்தியைத் தொட்டால் மட்டும் குறைகிறது. தந்திகளும் ஃபிரெட்டிலிருந்து மிகவும் தூக்கி நிற்கின்றன. பிக்கப்புகளை மாற்றி, பேட்டரியில் ஓடும் ஆக்டிவ் சர்க்யூட்டும் வைக்க ஆசை. வீட்டிலேயே செய்ய முடியுமா?

பதில்: முடியும். ஆனால் புது பிக்கப்புக்குப் பணம் கட்டிவிடாதீர்கள். நீங்கள் சொன்ன மூன்று குறைகளில் ஒன்றுகூட பிக்கப்பினால் வருவதல்ல.

கண்ட்ரோல் குழியைத் திறந்ததும் எந்த ஒயர் எங்கே போகிறது என்று தெரியும்படி படம் எடுங்கள். பாட்களின் (வால்யூம், டோன் குமிழ்களுக்கு அடியில் இருக்கும் திருகு மின்தடைகள்) முதுகில் ஏழு இலக்க எண் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். 1379118 என்றிருந்தால், 137 என்பது சிடிஎஸ் நிறுவனத்தின் குறியீடு, 91 ஆண்டு, 18 வாரம். பற்றவைப்பு பிரிக்கப்படாத பழையதாக இருந்தால், கிட்டார் அந்தத் தேதிக்கு முன் செய்யப்பட்டிருக்க முடியாது. எல்லா நாட்டுத் தயாரிப்பிலும் இந்த முறை இருக்காது.

முதல் வேலை நெக். 45–105 கனத்தில் (அங்குலத்தின் ஆயிரத்தில் இத்தனை பங்கு) புதுத் தந்திகள் போட்டு, சுருதி சேர்த்து, ஒரு நாள் விடுங்கள். நான்கு தந்திகளும் சேர்ந்து ஏறத்தாழ 75 கிலோ இழுவையில் நெக்கை வளைக்கின்றன. அந்த இழுவை இல்லாமல் அளந்தால் அளவு பொய். பிறகு முதல் ஃபிரெட்டில் கேப்போ (தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) மாட்டி, கனமான ஈ தந்தியை நெக் உடலோடு சேரும் இடத்து ஃபிரெட்டில் அழுத்துங்கள். ஏழாவது, எட்டாவது ஃபிரெட் பக்கம் தந்திக்கும் ஃபிரெட்டுக்கும் நடுவே 0.3 முதல் 0.35 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்து அளப்பதே நல்லது.

இடைவெளி அதிகமென்றால் ட்ரஸ் ராட் (நெக்கின் உள்ளே ஓடி அதன் வளைவைச் சரிசெய்யும் உலோகக் கம்பி) நட்டை வலஞ்சுழியாக அரைக்கால் (எட்டில் ஒரு பங்கு) சுற்று திருப்புங்கள். சுருதி சேர்த்து மறுபடி அளந்துவிட்டுத்தான் அடுத்த அரைக்கால். சில பழைய மாடல்களில் நட்டு நெக்கின் அடிமுனையில் இருக்கும். அதற்கு நெக்கையே கழற்ற வேண்டும். நட்டு அசையவில்லை என்றால் பலம் காட்டாதீர்கள். முதலில் இடஞ்சுழியாகத் தளர்த்தி, மரையைச் சுத்தம் செய்து, ஒரு துளி எண்ணெய் விட்டு, பிறகு இறுக்குங்கள். மரை தீர்ந்துபோய் நட்டு முட்டி நின்றால், நடுவில் ஒரு வாஷர் போட்டாலே பெரும்பாலும் சரியாகிவிடும். ராட் முறிந்தால் ஃபிங்கர்போர்டைப் பெயர்க்கும் அளவுக்கு வேலை போய்விடும். முழு வேலையிலும் உண்மையில் பயப்பட வேண்டிய இடம் இது ஒன்றுதான்.

நெக் நேரானதும் பிரிட்ஜின் சேடல் (தந்தி உட்காரும் சிறு துண்டு) திருகுகளால் உயரம் வையுங்கள்: 17ஆவது ஃபிரெட்டின் மேல் ஈ தந்திக்கு 2.4 மி.மீ., ஜி தந்திக்கு 2 மி.மீ. சேடல் அடிவரை இறங்கியும் தந்தி தூக்கியே நின்றால் குறை நெக்கின் சாய்வில். நெக் உட்காரும் குழியில், பிரிட்ஜை நோக்கிய முனை அரை மி.மீ. தடித்திருக்கும்படி, குழி முழுவதையும் நிரப்பும் ஆப்பு வடிவ மெல்லிய மரத்தகடு வையுங்கள். அட்டைத் துண்டு வேண்டாம்; நாளடைவில் நசுங்கும். திருகு ஓட்டை தளர்ந்திருந்தால் கெட்டி மரக்குச்சியை மரவேலைப் பசையில் தோய்த்து அடைத்து, 24 மணி நேரம் காயவிட்டு, மறுபடி துளையிடுங்கள்.

முதல் ஐந்து ஃபிரெட்களில் மட்டும் தந்தி அதிர்ந்து இரைந்தால் நெக் அளவுக்கு மீறி நேராகிவிட்டது என்று கொள்ளுங்கள். ராட்டைக் கொஞ்சம் தளர்த்துங்கள். ஒரே ஒரு ஃபிரெட்டில் மட்டும் இரைந்தால் அந்த ஃபிரெட் தூக்கியிருக்கிறது. கடைசியில் 12ஆவது ஃபிரெட்டை அழுத்திய ஸ்வரம் அதே இடத்து ஹார்மோனிக்கை (அழுத்தாமல் லேசாகத் தொட்டு மீட்டும் ஸ்வரம்) விட ஏறியிருந்தால் சேடலைப் பின்னுக்கு, இறங்கியிருந்தால் முன்னுக்கு நகர்த்துங்கள்.

கரகரப்புக்குக் காரணம் பாட்டின் கார்பன் தடத்தில் படிந்த அழுக்கு. கால்களுக்கு அருகிலுள்ள இடுக்கு வழியே காண்டாக்ட் கிளீனர் அடித்து, முனைக்கு முனை முப்பது நாற்பது தடவை திருப்புங்கள். துருப்பிடித்த போல்ட்டுக்கு அடிக்கும் எண்ணெய் இதற்கு ஆகாது. கரகரப்பு திரும்பி வந்தால் 250 கிலோ ஓம் ஆடியோ டேப்பர் பாட் புதிதாகப் போடுங்கள், டோனுக்கு 0.047 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர். பாட் முதுகில் பற்றவைக்குமுன் அந்த இடத்தை உப்புத்தாளால் சுரண்டுங்கள். பற்றவைப்புக் கோலில் பெரிய முனை, மூன்று நான்கு விநாடி. சின்ன முனையை வைத்து நிமிடக்கணக்கில் சூடேற்றினால் உள்ளே இருக்கும் தடம் வெந்துவிடும்.

இரைச்சலுக்கு வருவோம். தந்தியைத் தொட்டதும் குறைகிறதென்றால் பிரிட்ஜுக்குப் போகும் எர்த் ஒயர் நல்லபடியாக இருக்கிறது, இல்லாதது கவசம். தந்தியைத் தொட்டு மாற்றமில்லாமல் ஜாக்கைத் தொட்டால் மட்டும் குறைந்தால் அந்த ஒயர் விட்டுப்போயிருக்கும். தொட்டால் கூடுகிறதென்றால் ஜாக்கில் இரு ஒயர்களும் இடம் மாறியிருக்கலாம். உங்களுக்கு வேண்டியது செம்புத் தகடு டேப். கண்ட்ரோல் குழியிலும் பிக்கப் குழிகளிலும் 5 மி.மீ. ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி ஒட்டி, சேரும் இடங்களில் ஆங்காங்கே ஈயப்பொட்டு வையுங்கள். ஒவ்வொரு குழியிலிருந்தும் எர்த்துக்கு ஒரு ஒயர். எந்த மூலையிலிருந்தும் ஜாக்கின் எர்த் கால் வரை மல்டிமீட்டர் ஒரு ஓமுக்கும் குறைவாகக் காட்ட வேண்டும். மூடியதும் சத்தமே வரவில்லையா? ஜாக்கின் ஹாட் (சிக்னல் போகும்) கால் செம்பில் முட்டியிருக்கும். அந்த இடத்தில் இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள்.

இவ்வளவு செய்தும் ஒரு வால்யூமைக் குறைத்தால் கொஞ்சம் இரைச்சல் மிஞ்சலாம். இரண்டு பிக்கப்பும் எதிரெதிராகச் சுற்றப்பட்டவை என்றால், இரண்டும் ஒரே அளவில் திறந்திருக்கும்போதுதான் இரைச்சல் ஒன்றையொன்று அழிக்கும். அது குறையல்ல.

பிக்கப்பின் ஹாட் ஒயரைக் கழற்றி மின்தடை அளந்து பாருங்கள். இந்த வகை பெரும்பாலும் 7–8 கிலோ ஓம் காட்டும். முடிவிலி காட்டினால்தான் காயில் அறுந்தது. இல்லையென்றால் அதை அப்படியே வைத்துக்கொள்ளும்படிதான் சொல்வோம்.

ஆக்டிவ் சர்க்யூட் வேண்டுமானால் இருக்கும் துளைகளுக்குள் அடங்கும் இரட்டைத் தண்டு பாட்கள் உள்ளதை வாங்குங்கள். உடலில் புதிதாகக் குடைந்தால் பழைய கிட்டாரின் மதிப்பு போய்விடும். பாசிவ் (பேட்டரி இல்லாத) பிக்கப்புக்கும் ஆக்டிவ் சர்க்யூட்டான ப்ரீஆம்ப்புக்கும் நடுவே வரும் வால்யூம் 250 கிலோ ஓமாகவே இருக்கட்டும். ஆக்டிவ் பிக்கப்புக்கான 25 கிலோ ஓம் பாட்டை அங்கே வைத்தால் மேல்ஸ்தாயி செத்துவிடும். ஜாக்கை ஸ்டீரியோவாக மாற்றி, நடுக்காலில் 9 வோல்ட் பேட்டரியின் மைனஸை இணைத்தால் ஒயரைச் செருகும்போது மட்டும் மின்சாரம் ஓடும். வாசித்து முடித்ததும் உருவிவிடுங்கள், இல்லையென்றால் பேட்டரி தீர்ந்துவிடும். கழற்றிய பழைய பாட்களையும் ஒயர்களையும் வெட்டாமல், பிரிக்காமல், ஒரே கொத்தாகக் கவரில் போட்டு கிட்டார் பெட்டியிலேயே வைத்துவிடுங்கள்.