முன்னால் ஓடுவது பிழையா? 3000 மீற்றர் தடைதாண்டி ஓட்டம் பற்றிய ஒரு கேள்வி

கேள்வி: திருகோணமலையில் ஒரு பாடசாலையில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். 19 வயதான என் மாணவி 3000 மீற்றர் தடைதாண்டி ஓட்டத்தில் தொடக்க வெடி கேட்டதுமே முன்னுக்குச் சென்று தனியாக ஓடுபவர். கடந்த இரு போட்டிகளிலும் கடைசி நீர்த்தடை (அடுத்தே நீர்க்குழி உள்ள தடை) வரை முன்னிலையில் இருந்துவிட்டு, அதன் பிறகு ஒரே போட்டியாளரிடம் தோற்றார். அந்தப் போட்டியாளர் 800 மீற்றரிலும் என் மாணவியைவிட வேகமானவர். கடைசிப் போட்டியில் என் மாணவியின் ஒவ்வொரு கிலோமீற்றருக்குமான நேரங்கள்: 3 நிமிடம் 32 செக்கன், 3:58, 3:54. பின்னால் நின்று கடைசிச் சுற்றில் ஓடச் சொல்லும்படி சக ஆசிரியர்கள் கூறுகிறார்கள். அவருடைய பாணியை மாற்ற வேண்டுமா? எங்கள் மைதானத்தில் நீர்த்தடை இல்லை என்பதையும் கருத்தில் கொள்ளுங்கள்.

பதில்: பின்னால் ஓடச் சொல்ல வேண்டாம். தன்னைவிட 800 மீற்றரில் வேகமான ஒருவரோடு கடைசி 200 மீற்றர் வரை சேர்ந்தே ஓடி, அங்கே வென்றுவிடலாம் என்று நம்புவது, எதிராளிக்கு மிகவும் வசதியான ஓட்டத்தை நாமே அமைத்துக் கொடுப்பதாகும். இறுதி வேகம் குறைந்த ஒருவர் முன்னால் ஓடுவதை வீம்பு என்று சொல்ல மாட்டேன். பெரும்பாலும் அவருக்கு உள்ள ஒரே வழி அதுதான். ஆனால் எப்போது முன்னால் செல்வது, எந்த வேகத்தில் செல்வது என்ற இரண்டையும் மாற்றியே ஆக வேண்டும்.

காரணம் நீங்கள் தந்த எண்களிலேயே இருக்கிறது. மொத்த நேரம் 11 நிமிடம் 24 செக்கன். சமமாகப் பங்கிட்டால் கிலோமீற்றருக்கு 3:48 வரும். முதல் கிலோமீற்றரை அவர் அந்தச் சராசரியைவிட 16 செக்கன் விரைவாக ஓடியிருக்கிறார். அடுத்த கிலோமீற்றருக்கு முதலாவதைவிட 26 செக்கன் கூடுதலாக எடுத்திருக்கிறார். எதிராளி திடீரென வேகம் கூட்டி அவரைப் பிடித்ததாகத் தோன்றினாலும், உண்மையில் உங்கள் மாணவியே கொஞ்சம் கொஞ்சமாக வேகம் இழந்து எதிராளியின் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்திருக்கிறார். நிதானமாக ஓடிக்கொண்டிருந்த அந்தப் பெண் கடைசி 150 மீற்றரில் மட்டும் உழைத்தால் போதுமானதாக இருந்தது.

தடைகள் இல்லாத 3000 மீற்றரில் இத்தகைய தொடக்கம் ஓரளவு மன்னிக்கப்படும். இங்கே அப்படியல்ல. ஓட்டத்தில் 28 தடைகளும் 7 நீர்த்தடைகளும் உள்ளன. பெண்களுக்கான தடையின் உயரம் 76.2 சென்ரிமீற்றர், எடை 80 முதல் 100 கிலோகிராம், தட்டினால் விழாது, தட்டியவரே விழுவார். கால்கள் களைத்த நிலையில் தடையை நெருங்கும்போது இறுதி அடிகள் குறுகித் தடுமாறும், தாண்டும் உயரம் தேவைக்கு மேல் கூடும், தரையிறங்கியதும் வேகம் அறுந்து போகும். ஒவ்வொரு தடையிலும் அரைச் செக்கன் வீணானாலே 35 தடைகளில் பதினேழு செக்கனுக்கு மேல் போய்விடும். களைப்பில் முதலில் கெடுவது தாண்டும் முறைதான் என்பதால், தொடக்க வேகத்தின் கடனை இந்த ஓட்டம் வட்டியோடு வசூலிக்கிறது.

அப்படியிருந்தும் முன்னால் ஓடுவதை நான் ஏன் ஆதரிக்கிறேன்? தடையை முழுமையாகப் பார்த்து ஓடும் வாய்ப்பு முன்னால் ஓடுபவருக்கே கிடைக்கிறது. கூட்டத்தின் நடுவில் ஓடுபவருக்கு முன்னிருப்பவரின் முதுகுதான் தெரியும். தடை கடைசி நேரத்தில் தோன்றும். அடியை அளந்து வைக்க முடியாது. முன்னால் ஒருவர் இடறி விழுந்தால் பின்னால் வருபவரும் அவர்மேல் விழ வேண்டியிருக்கும். எனவே காற்றைக் கிழித்துக்கொண்டு ஓடும் செலவை முன்னால் ஓடுபவர் ஏற்றாலும், சீராகத் தாண்டுவதால் அதில் ஒரு பகுதியை மீட்டுக்கொள்கிறார். தாண்டும் முறை நன்றாக இருப்பவருக்கு மட்டுமே இந்த மீட்பு கிடைக்கும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

உலக அரங்கில் இந்த ஓட்டத்தின் வரலாற்றைப் பார்த்தால் துணிந்து முன்னால் ஓடிய பெண்கள் அதில் நிறையவே இருக்கிறார்கள். பெண்களுக்காக முதன்முறை இது ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்ட 2008 பீஜிங்கில், ரஷ்யாவின் குல்னாரா கல்கினா முன்னணியில் ஓடி 8:58.81 என்ற நேரத்தில் வென்றார். ஒன்பது நிமிடத்துக்குள் ஓடிய முதல் பெண் அவரே. இரண்டாமவர் எட்டுச் செக்கனுக்கு மேல் பின்தங்கியிருந்தார். 2018 ஜூலையில் மொனாக்கோவில் கென்யாவின் பியட்ரிஸ் செப்கொயெச் உலகச் சாதனையை எட்டுச் செக்கனுக்கு மேல் குறைத்து 8:44.32 ஆக்கினார், மறு ஆண்டு டோகாவில் உலகச் சம்பியன் பட்டத்தையும் தொடக்கத்திலிருந்தே தனித்து ஓடி 8:57.84 இல் வென்றார். 2016 ரியோவில் பஹ்ரைனின் ருத் ஜெபெட்டும் முன்னால் ஓடியே வென்றார். ஆனால் அவர் பின்னர் ஊக்கமருந்து விதிமீறலுக்காக நான்கு ஆண்டுகள் தடை செய்யப்பட்டவர் என்பதால், மாணவிகளுக்கு அவரை நான் எடுத்துக்காட்டாகக் கூறுவதில்லை.

இவர்களைப் பார்த்து ஏமாறவும் கூடாது. செப்கொயெச் தொடக்கத்திலிருந்தே விலகி ஓடினார் என்றால், அந்த வேகம் மற்றவர்களுக்கு எட்டாத அவருடைய சராசரி வேகமாகவே இருந்தது. உங்கள் மாணவி பின்பற்ற வேண்டியவர் அவரல்லர். அமெரிக்காவின் கோர்ட்னி பிரெரிக்ஸ். டோக்கியோ ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் அவர் முதலில் கூட்டத்தோடு ஓடினார். கடைசிச் சுற்று மணி ஒலிக்கும் வரை காத்திருந்தால் தன்னால் பதக்கம் பெற முடியாது என்ற கணக்கில், அதற்கு வெகு முன்னரே பிரிந்து தனியே சென்றார். உகண்டாவின் பெருத் செமுட்டாய் கடைசிச் சுற்றில் அவரைக் கடந்து 9:01.45 இல் தங்கம் வென்றார், பிரெரிக்ஸ் 9:04.79 இல் வெள்ளி பெற்றார். மூன்றாமவர் அவருக்கு வெறும் 0.6 செக்கன் பின்னால் வந்தார். காத்திருந்து ஓடியிருந்தால் அந்த வெள்ளியும் கைநழுவியிருக்கும் என்பது என் கணிப்பு. 2024 பாரிஸில் அதே செமுட்டாய் முன்னால் ஓடி, இறுதி நேர்ப்பாதையில் பஹ்ரைனின் வின்பிரெட் யாவியிடம் 0.58 செக்கனில் தோற்றார். ஆனால் தோற்ற அந்த 8:53.34 நேரமும் பீஜிங்கில் பதிவாகியிருந்த பழைய ஒலிம்பிக் சாதனையைவிட ஐந்து செக்கனுக்கு மேல் விரைவானது.

இனி உங்கள் மாணவிக்கான திட்டத்துக்கு வருகிறேன். முதல் கிலோமீற்றரை 3:46 அல்லது 3:47 இல் கடக்கட்டும். அந்த வேகத்தில் அவர் முன்னால் இருந்தாலும் சரி, மூன்றாவதாக இருந்தாலும் சரி. ஆனால் கூட்டத்தின் வெளிப்பக்கமாக, தடை தெரியும் இடத்தில் ஓட வேண்டும். தொடக்கக் கோட்டிலிருந்து முதலாவது முழுச் சுற்று ஆரம்பிக்கும் வரை தடைகள் இல்லாததால்தான் இவரைப் போன்றவர்கள் தம்மை மறந்து பாய்கிறார்கள். அந்தப் பகுதிக்கு மட்டும் தனியாக ஒரு நேரம் குறித்துக் கொடுங்கள். நேரம் எடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: நீர்த்தடை ஓடுபாதையின் உட்புறம் அமைந்தால் சுற்று 400 மீற்றரைவிடக் குறையும், வெளிப்புறம் அமைந்தால் கூடும். வழக்கமான 400 மீற்றர் கணக்கை மனதில் வைத்துச் சுற்று நேரம் கத்திச் சொன்னால் மாணவியைத் தவறாக வழிநடத்திவிடுவீர்கள்.

தாக்குதல் இரண்டாவது கிலோமீற்றரின் பிற்பகுதியில் தொடங்கட்டும். பெரும்பாலான ஓட்டங்களில் வேகம் மிகவும் தளரும் பகுதி அது. அங்கே எவரும் விரும்பி முன்னால் செல்வதில்லை. பிரிவதற்கு மிக ஏற்ற இடம் நீர்த்தடையிலிருந்து வெளியேறும் இடமாகும். நீரிலிருந்து ஏறியவர்கள் இரண்டு மூன்று அடிகள் மூச்சு வாங்குவார்கள். உங்கள் மாணவி அதே அடிகளில் வேகம் கூட்டினால், பின்னால் இருப்பவர் உடனே பதில் சொல்ல முடியாது. அதன் பின் வேகத்தைச் சற்றுக் குறைத்துக்கொண்டு, அடுத்த நீர்த்தடையில் மீண்டும் அதையே செய்யட்டும். 800 மீற்றர் ஓட்டக்காரிகளுக்கு ஒரே சீரான வேகத்தைவிட இந்த ஏற்ற இறக்கம்தான் தொல்லை தரும். இறுதியாக, கடைசிக்கு முந்திய நீர்த்தடையிலிருந்து, அதாவது ஏறக்குறைய 550 மீற்றர் எஞ்சியிருக்கும்போது, கையிருப்பு அனைத்தையும் செலவிடத் தொடங்க வேண்டும். கடைசி நீர்த்தடைக்குப் பின் ஒரே ஒரு தடைதான் இருக்கிறது. அங்கே புதிதாக எதையும் செய்ய முடியாது.

திருகோணமலையில் ஓடுபவருக்குக் காற்றைப் பற்றிச் சொல்லாமல் விடுவது முறையாகாது. கச்சான் வீசும் மாதங்களில் பகல் போட்டி என்றால், ஒரு நேர்ப்பாதையில் காற்று முகத்தில் அடிக்கும், மறு நேர்ப்பாதையில் முதுகில் தள்ளும். உங்கள் மாணவியின் வேகம் செக்கனுக்கு 4.4 மீற்றர் அளவு. எதிர்க்காற்று செக்கனுக்கு 4 மீற்றர் வேகத்தில் வீசினால், காற்றின் எதிர்ப்பு சார்பு வேகத்தின் வர்க்கத்தோடு வளர்வதால், அமைதியான காலநிலையில் இருப்பதைப் போல மூன்றரை மடங்குக்கு மேல் ஆகிவிடும். அதே காற்று பின்னாலிருந்து வீசும்போது எதிர்ப்பு ஏறக்குறைய இல்லாமற் போகும். ஆகவே காற்று பலமான நாளில் எதிர்க்காற்று நேர்ப்பாதையில் ஒருவர் பின்னால் பதுங்குவதும், பின்காற்று நேர்ப்பாதையில் விலகிச் செல்வதும் கோழைத்தனமல்ல. தனியாக முன்னால் ஓடிக்கொண்டிருந்தால், எதிர்க்காற்றில் நேரத்தைப் பார்க்காமல் உழைப்பின் அளவை மட்டும் சமமாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அங்கே இழக்கும் ஒரு செக்கனை வலிந்து மீட்க முயல்வதுதான் ஓட்டத்தைக் கெடுக்கும்.

நீர்த்தடை இல்லாத குறையைப் பெருமளவு ஈடு செய்யலாம். பெண்களுக்கான 400 மீற்றர் தடைதாண்டலின் உயரமும் 76.2 சென்ரிமீற்றர்தான், அதனால் பாடசாலையிலுள்ள சாதாரணத் தடைகளையே அந்த உயரத்தில் வைத்துப் பயிற்சி செய்யலாம். இரு காலாலும் தாண்டப் பழகட்டும். களைத்த நேரத்தில் எந்தக் கால் முன்னே வரும் என்று எவராலும் சொல்ல முடியாது. ஆனால் இத்தடைகளின் மேல் கால் வைத்து ஏறக் கூடாது, சரிந்துவிடும். நீர்த்தடையைக் கடப்பதற்கான கால் வைத்து ஏறும் பயிற்சிக்கு அதே உயரத்தில் அசையாத மரக்கட்டை அல்லது உறுதியான பெட்டி ஒன்றைச் செய்வித்து, உப்புவெளிக் கடற்கரையில் ஈரமணல் இறுகியிருக்கும் இடத்தில் வையுங்கள். பாதத்தின் நடுப்பகுதியைக் கட்டையின் மேல் வைத்து, உடலை உயர்த்தாமல் முழங்காலை மடக்கியபடி கடந்து, உடல் கட்டையைத் தாண்டிய பிறகே பின்னோக்கித் தள்ளிப் பாய வேண்டும். ஒரு காலில் இறங்கி, மறு காலை உடனே முன்னே எடுத்து வைக்க வேண்டும். மேல்நோக்கிக் குதிப்பவர்கள் குழியின் ஆழமான பகுதியில் இறங்கி நின்றுவிடுவார்கள். குழி தடைக்கு அருகில் ஆழமாகவும் விலக விலக மேடாகவும் இருப்பதால், தூரம் பாய்ந்தவருக்குக் கணுக்கால் நனைவதோடு முடிந்துவிடும்.

வாரத்தில் ஒரு நாள், 1000 மீற்றரை நான்கு முறை, இடையே மூன்று நிமிட ஓய்வோடு, தடைகளுடன் ஓடச் செய்யுங்கள். முதல் மூன்றும் 3:46 வேகத்தில் இருக்கட்டும். நான்காவதில் கடைசி 400 மீற்றரை மட்டும் வேகமாக ஓடட்டும். மூன்றுக்குள் எதையாவது 3:40 இல் ஓடிவிட்டு வந்தால் பாராட்ட வேண்டாம்.

போட்டி நாளன்று அவரோடு ஒருமுறை பாதை முழுவதையும் நடந்து, நீர்த்தடைக்கு எங்கே திரும்ப வேண்டும் என்பதைக் காட்டிவிடுங்கள். 2017 இல் லண்டன் உலகச் சம்பியன் போட்டியில் செப்கொயெச்சே அந்தத் திருப்பத்தைத் தவறவிட்டு நேராக ஓடிவிட்டார். திரும்பி வந்து தாண்டி, நான்காவதாக முடித்தார். தடையொன்றைத் தாண்டாமல் தொடர்ந்தால் ஓட்டமே செல்லாது என்பதால் அவருக்கு வேறு வழியில்லை. முன்னால் ஓடும் பெண்ணுக்குப் பின்தொடர்வதற்கு யாரும் இல்லாததால், பாதையை அவரே அறிந்திருக்க வேண்டும்.