ஏஜென்ட் கேட்கும் 1.8 லட்சம்: கேசினோ டீலர் வேலைக்குக் கட்டலாமா?

கேள்வி: கேட்டரிங் படித்துவிட்டு ஏற்காட்டில் ஒரு விடுதியில் பரிமாறும் வேலை பார்க்கிறேன். வயது 24, வீடு சேலம் அம்மாபேட்டை. கம்போடியாவில் கேசினோ டீலர் (சூதாட்ட மேசையில் ஆட்டத்தை நடத்துபவர்) வேலை இருக்கிறது, பயிற்சி, விசா எல்லாம் சேர்த்து 1.8 லட்சம் கட்டு, இப்போதைக்கு டூரிஸ்ட் விசாவில் போய்விடலாம் என்கிறார் ஒரு ஏஜென்ட். அம்மாவோ, "சூதாடுற இடத்துல வேலைன்னா எவன் பொண்ணு குடுப்பான்?" என்கிறார். போகலாமா?

பதில்: பணத்தைக் கட்டாதீர்கள், தம்பி. வேலையைக் குறை சொல்லவில்லை. அந்த ஏஜென்ட்தான் சரியில்லை.

வேலைக்குப் போகிறவரை டூரிஸ்ட் விசாவில் அனுப்புகிறேன் என்பவரிடம் அதற்கு மேல் பேசவே தேவையில்லை. தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போன நம் பிள்ளைகள் பலர் 2022-ல் மியான்மரின் மியாவாடியில் இணைய மோசடிக் கும்பலிடம் சிக்கினார்கள். அரசு தலையிட்டுத்தான் மீட்க முடிந்தது. கம்போடியாவிலும் இதே கூத்து நடந்திருக்கிறது. வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிறவர் 1983-ம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்படி பதிவு செய்திருக்க வேண்டும். சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். அவருடைய பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, அரசின் இ-மைக்ரேட் தளத்தில் சரிபாருங்கள்.

விளையாட்டாக இன்னொன்றும் கேட்டுப் பாருங்கள்: "அண்ணா, சீனாவில கேசினோவுக்குப் பேர்போன மக்காவ் (Macau) இருக்கே, அங்க டீலர் வேலை வாங்கித் தருவீங்களா?" தருகிறேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். மக்காவ் கேசினோக்களில் உள்ளூர்க்காரர்களை மட்டும்தான் டீலராக வைப்பார்கள்.

சரி, வேலைக்கு வருவோம். சீட்டுக் கலைப்பதும் போடுவதும் கைப்பழக்கம், வந்துவிடும். பலர் தடுக்கி விழுவது கணக்கில். ரூலெட் என்பது சுழலும் சக்கரத்தில் பந்து எந்த எண்ணில் விழும் என்று பந்தயம் கட்டும் ஆட்டம். அந்த மேசையில் ஒரே எண்ணின்மேல் வைத்த சில்லுக்கு (பணத்துக்குப் பதிலாக வைக்கும் வில்லை), பந்து அங்கே விழுந்தால் 35 மடங்கு கொடுக்க வேண்டும். இரண்டு எண்களுக்கு நடுக்கோட்டில் வைத்தால் 17, நான்கு எண்கள் கூடும் மூலையில் வைத்தால் 8. ஒருவர் 20-ம் எண்ணின் மேல் ஒரு சில்லு வைத்து, அதைச் சுற்றியுள்ள நான்கு கோடுகளிலும் நான்கு மூலைகளிலும் ஒவ்வொன்று வைக்கிறார் என்று வையுங்கள். பந்து 20-ல் விழுந்தால் 35, 68, 32, ஆக 135 சில்லு. ஒவ்வோர் இடத்திலும் மும்மூன்று வைத்திருந்தால் 405. மேசையைச் சுற்றி நிற்கிற அத்தனை பேரும் உங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருக்க, கால்குலேட்டர் இல்லாமல் இதைச் சொல்ல வேண்டும். நம்மில் பலர் 16-ம் வாய்ப்பாட்டோடு நின்றுவிட்டவர்கள். நீங்கள் 17-ஐயும் 35-ஐயும் தலைகீழாகச் சொல்லப் பழகுங்கள். பைசா செலவில்லை.

அடுத்தது கை. சில்லுகளை 20 கொண்ட அடுக்காக வைத்திருப்பார்கள். அதை ஐந்தைந்தாக வெட்டி, மேலே இருக்கும் கேமராவுக்குத் தெரியும்படி பரப்பிக் காட்டிய பிறகே ஆட்டக்காரர் பக்கம் தள்ள வேண்டும். மேசையை விட்டு நகரும்போது இரண்டு கைகளையும் விரித்து, சில்லு எதையும் ஒளிக்கவில்லை என்று முன்னும் பின்னும் திருப்பிக் காட்டிவிட்டுத்தான் போகலாம். பரிமாறுகிறவர்களுக்கு இங்கேதான் சிக்கல். டிப்ஸ் கிடைத்ததும் கை தானாகச் சட்டைப்பைக்குப் போகும். கேசினோவில் டிப்ஸ் பெட்டிக்குள் போகும், பல இடங்களில் அப்புறம்தான் எல்லோருக்கும் பங்கு பிரிப்பார்கள். மேசையில் நிற்கும்போது முகத்தைச் சொறிவதில்கூடக் கவனமாக இருக்க வேண்டும். இரவு முழுக்க நிற்பதும், தோற்றவர் உங்கள்மேல் எரிந்து விழுவதும் தினமும் இருக்கும். மே மாதக் கூட்டத்தில் ஏற்காட்டில் ஓர் அறைக்கு மூன்று குடும்பங்கள் சண்டை போடுவதைச் சமாளித்தவருக்கு இது பெரிய விஷயமில்லை.

இந்தியாவிலேயே ஆரம்பியுங்கள். கோவாவில் 1976-ம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின்னாளில் வந்த திருத்தங்கள் கேசினோவை அனுமதிக்கின்றன. பணஜியில் மண்டோவி ஆற்றில் நிற்கும் கப்பல்களில் மேசைகள் ஓடுகின்றன. சிக்கிமில் 2002-ம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. கோவா மேசைகளில் அந்தர் பாஹர் என்று ஒன்று உண்டு, நம்மூர் மங்காத்தாதான். பெரிய நிறுவனங்கள் புதியவர்களை எடுத்துத் தாங்களே பழக்குவதும் உண்டு, அதனால் அவர்களுக்கே நேரடியாக விண்ணப்பியுங்கள். ஆங்கிலத்தோடு இந்தியும் ஓரளவு பேசத் தெரிந்தால் நல்லது. வீட்டிலிருந்தே 'லைவ் டீலர்' வேலை, அதாவது கேமரா முன் இணைய ஆட்டத்தை நடத்தும் வேலை, என்று வரும் அழைப்பு எதையும் தொடாதீர்கள்; பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டை நடத்துவதற்கு எதிராக 2025-ல் மத்திய அரசே சட்டம் கொண்டுவந்துவிட்டது.

அம்மாவிடம் ஒன்று சொல்லலாம்: வேலை பார்க்கும் கேசினோவில் ஊழியர்களைப் பொதுவாக ஆட விடமாட்டார்கள். பெண் வீட்டாரைச் சமாளிப்பது உங்கள் பாடு.

அனுபவம் சேர்ந்த பிறகு உல்லாசக் கப்பல் பக்கம் பார்க்கலாம். அங்கே ஆள் எடுப்பவரிடம் கப்பல் துறைத் தலைமை இயக்ககத்தின் உரிமம் இருக்க வேண்டும், வேலை வாங்கித் தரக் கப்பலில் சேர்பவரிடம் கட்டணம் வாங்கக் கூடாது. கடல் பாதுகாப்புப் பயிற்சிக்கும் மருத்துவச் சோதனைக்கும் ஆகும் செலவு வேறு. எங்கே சேர்ந்தாலும் சம்பளம், தங்குமிடம், வேலை நேரம் மூன்றும் எழுத்தில் வரட்டும். பாஸ்போர்ட்டையும் அசல் சான்றிதழ்களையும் ஏற்கெனவே அந்த ஏஜென்ட்டிடம் கொடுத்திருந்தால், நாளைக்கே போய் வாங்கிவிடுங்கள். தர மறுத்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள்.