வகுப்பில் ஓயாமல் கேள்வி கேட்கும் என் 8 வயது மகன் மீத்திறன் (வயதை மிஞ்சிய அறிவுள்ள) குழந்தையா? ஐக்யூ டெஸ்ட் எடுக்கலாமா?

"டீச்சர் தினமும் புகார் சொல்கிறார்" என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். நான் நிபுணர் இல்லை. பாளையங்கோட்டையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். 'பிள்ளைப் பெருமை பேச வந்துட்டான்' என்று கமெண்டில் வரப்போகிறவர்கள் தாராளமாக வாருங்கள்.

என் மகள் நாலாம் வகுப்பில் தன் கணக்கை முடித்துவிட்டுப் பக்கத்துப் பிள்ளைகள் நோட்டைத் திருத்த ஆரம்பித்துவிடுவாள். வாசலில் நிற்க வைத்தார்கள். அடங்கவில்லை. சீக்கிரம் முடித்தால் அதே மாதிரி இன்னும் இருபது கணக்கு என்றார்கள். பிள்ளை என்ன செய்யும்? மெதுவாகப் போடக் கற்றுக்கொண்டது. அரைப் பரீட்சையில் மார்க்கும் இறங்கியது. டீச்சரைக் குறை சொல்லவில்லை. வகுப்பு நிறையப் பிள்ளைகள், மேலேயிருந்து கேட்பதெல்லாம் மெல்லக் கற்போர் எத்தனை பேர் தேறினார்கள் என்பதுதான். அதுவும் வேண்டியதுதான். ஆனால் முன்னால் ஓடுகிற பிள்ளை தானாகப் பிழைத்துக்கொள்ளும் என்று விட்டுவிடுகிறார்கள்.

எங்கள் தெருவில் ஒரு ரிட்டயர்டு கணக்கு வாத்தியார். பென்ஷன் தாள்களை ஜெராக்ஸ் எடுக்கக் கடைக்கு வந்தவரிடம் இவள், "சார்வாள், ஜனவரி 1 என்ன கிழமையோ அதே கிழமைதான் டிசம்பர் 31-ம் வருது, ஏன்?" என்றாள். அவர் பதிலே சொல்லவில்லை. "எல்லா வருசமும் அப்படித்தானா, பாத்தியாட்டி?" என்று கேட்டுவிட்டு சில்லறையை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அவ்வளவுதான், என் போனைப் பிடுங்கிக்கொண்டாள். 2019-ல் இரண்டுமே செவ்வாய். 2020-ல் புதன், வியாழன். வீணாய்ப்போன தாள்களின் பின்பக்கம் முழுக்க ஏழால் வகுத்துத் தள்ளினாள். 365-க்கு மீதி 1, 366-க்கு மீதி 2. விடையோடு அவர் வீட்டு வாசலில் போய் நின்றால், "சரி, 1900 லீப் வருசமாட்டி?" என்று அடுத்ததைப் போட்டார். நாலால் வகுபடுகிறதே என்று உடனே தலையாட்டி மாட்டிக்கொண்டாள், 1900 லீப் வருசம் இல்லை. இருபது கணக்குக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் புரிகிறதா?

அதே பிள்ளைதான் ரப்பர் தொலைந்ததற்குத் தரையில் புரண்டு அழும். அறிவு வயதைத் தாண்டி ஓடும், மனசு வயதோடுதான் நடக்கும். "இவ்வளவு தெரிஞ்ச பிள்ளைக்கு இது தெரியாதா" என்று உங்கள் வீட்டுப் பெரியவர்கள் திட்டினால் தடுத்துவிடுங்கள்.

ஐக்யூ டெஸ்ட்? 1921-ல் அமெரிக்காவில் டெர்மன் என்கிற உளவியலாளர் டெஸ்ட் வைத்து மீத்திறன் பிள்ளைகளைப் பொறுக்கியெடுத்தார். அந்த வடிகட்டலில் தேறாத ஷாக்லியும் அல்வாரெஸும் பிற்பாடு இயற்பியலில் நோபல் வாங்கினார்கள். டெஸ்டே வீண் என்று சொல்லவில்லை, அதற்கு முன்னால் செய்ய வேறு வேலை இருக்கிறது.

உதவித்தொகைத் தேர்வுகளுக்கு இன்னும் வயதிருக்கிறது. அரசு, அரசு உதவிபெறும் பள்ளி என்றால் எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். என்கிற மத்திய அரசு உதவித்தொகைத் தேர்வை எழுதலாம். தேறினால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை வருஷம் 12,000 ரூபாய். வருமான வரம்பு உண்டு. எத்தனையோ பேர் கடைசி நாளில் வருமானச் சான்றிதழுக்கு அலைந்துவிட்டு என் கடை வாசலில் மூச்சு வாங்குவார்கள்.

சொன்னால் கோபம் வரும், வீட்டு வரியோடு நூலக வரியும் வசூலிக்கிறார்கள். நான் ஒரு வருஷம்கூட பாக்கி வைத்ததில்லை. நான் போகிற கிளை நூலகத்தில் பிள்ளைகள் அலமாரிக்குப் பூட்டு. சாவி வைத்திருப்பவர் எப்போதும் 'இப்பத்தான் வெளியே போனார்'. கேள்வி கேட்கிற பிள்ளையை அப்புறம் எங்கே கூட்டிப்போவது?

சரி, உங்கள் விஷயம். டீச்சரிடம் 'மீத்திறன்' என்று ஆரம்பிக்காதீர்கள், பேச்சு அங்கேயே முறியும். "வேலையை முடித்துவிட்டால் மேல்வகுப்புக் கணக்குப் புத்தகத்தைப் பார்க்க விடுங்கள், பேசாமல் இருப்பான்" என்று கேளுங்கள். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இணையத்தில் பிடிஎஃப்பாக இலவசமாகவே கிடைக்கின்றன. ஐந்தாம் வகுப்பு டீச்சர் எங்களுக்கு அதற்கு மட்டும் சம்மதித்தார். வாசலில் நிற்பது அந்த வருஷமே நின்றுபோனது.