வாசகர் கேள்வி – ஆசிரியர் பதில்: சட்டத்தில் ஏறிய பங்கு

கேள்வி: அமெரிக்க விடுதலை என்றால் பாடநூல்கள் வாஷிங்டன், ஜெஃபர்சன் என்று தலைவர்களைத்தான் சொல்கின்றன. அங்கே கடலை நம்பிப் பிழைத்தவர்களுக்குப் புதிய அரசால் ஏதேனும் மாறியதா?
– கல்லூரி மாணவர், மண்டபம்

பதில்: மாறியது, முதலில் நிலைமை மோசமாகத்தான் போனது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மார்பிள்ஹெட், குளோஸ்டர் போன்ற ஊர்கள் காட் என்னும் மீனை நம்பி வாழ்ந்தவை. அந்த மாநிலச் சட்டமன்றத்தில் 1784 முதல் மரத்தில் செதுக்கிய ஐந்தடி காட் மீன் ஒன்று தொங்குகிறது என்றால் அதன் மதிப்பைப் புரிந்துகொள்ளலாம். விடுதலைப் போரில் படகுகள் அழிந்தன. போர் முடிந்த 1783இலேயே பிரிட்டன் தன் வசமிருந்த மேற்கிந்தியத் தீவுகளின் சந்தையை அமெரிக்க மீனுக்கு அடைத்துவிட்டது.

அந்த மீன் எப்படிக் காசானது என்பதைப் பாம்பன் கரையில் கருவாடு காய்வதைப் பார்த்தவர்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. வயிற்றைப் பிளந்து, உப்பிட்டு, மரப்பரண்களில் விரித்து, வெயிலில் புரட்டிப் போட்டு, பனி இறங்குமுன் குவித்து மூடுவார்கள். நல்ல தரம் ஸ்பெயினுக்கும் போர்த்துகலுக்கும் கப்பலேறியது. உடைந்ததும் உப்பு எரித்ததும் ‘கழிவு’ என்றே பெயர் பெற்று, மேற்கிந்தியக் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தோருக்கு உணவாகப் போயிற்று. சுதந்திரம் பேசிய கரையின் வருமானத்தில் ஒரு பகுதி அடிமைத்தனத்திலிருந்து வந்தது என்பதை ஒதுக்கிவிட்டு இந்த வரலாற்றைச் சொல்வது நேர்மையாகாது.

1791இல் வெளியுறவுச் செயலராக இருந்த ஜெஃபர்சன் மீன்பிடித் தொழிலின் நிலை குறித்து நாடாளுமன்றத்துக்கு அறிக்கை அளித்தார். மறு ஆண்டு பிப்ரவரியில் சட்டம் வந்தது. ஒரு தொழிலுக்கு மட்டும் மானியம் கொடுக்க அரசியல் சாசனத்தில் இடமில்லை என்று தென்மாநில உறுப்பினர் சிலர் எதிர்த்ததால், ‘மானியம்’ என்ற சொல்லைத் தவிர்த்து, மீனவர் கட்டிய உப்பு வரிக்கு ஈடாகத் தரும் ‘படி’ என்று எழுதினார்கள். பெயர்தான் மாறியது, பணம் அதேதான்.

எனக்கு வியப்பளிப்பது அந்தப் பணத்தைப் பிரித்த விதம். ஆண்டில் நான்கு மாதமாவது காட் மீன்பிடிப்பில் இருந்த, 30 டன்னுக்கு மேற்பட்ட படகுக்கு டன்னுக்கு இரண்டரை டாலர். 40 டன் படகானால் 100 டாலர். அதில் எட்டில் மூன்று பங்கு, அதாவது முப்பத்தேழரை டாலர், உரிமையாளருக்கு. மீதி அறுபத்திரண்டரை டாலரை மீனவர்கள் அவரவர் பிடித்த மீனின் அளவுக்கேற்பப் பிரித்துக்கொள்ள வேண்டும். கடலுக்குப் போகுமுன் உரிமையாளரும் மீனவரும் எழுத்தில் உடன்படிக்கை செய்திருந்தால்தான் தொகை கிடைக்கும். டீசலும் ஐஸும் கழித்து மிச்சத்தைப் பங்கு வைக்கும் கணக்கு பெரும்பாலும் வாய்ச்சொல்லிலேயே நடக்கும் நம் கரையில், 1792ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று பங்கை எழுதச் சொன்னது என்பது யோசிக்கத்தக்கது.

தொகை தடையின்றி வரவுமில்லை. 1807இல் உப்பு வரி நீங்கியபோது இதுவும் நீங்கியது. அதே ஆண்டு டிசம்பரில், பிரிட்டனும் பிரான்சும் அமெரிக்கக் கப்பல்களைப் பிடிப்பதற்குப் பதிலடியாக, ஜெஃபர்சன் அரசு தன் கப்பல்கள் எதுவும் வெளிநாடு போகக் கூடாதென்று துறைமுகங்களை அடைத்தது. ஏறத்தாழ 10.8 கோடி டாலராக இருந்த ஏற்றுமதி மறு ஆண்டில் 2.2 கோடியாக விழுந்தது. படகுக்கான படி 1813இல்தான் திரும்ப வந்தது.

கேள்வி: கச்சத்தீவு போன்ற சிக்கல் அவர்களுக்கும் இருந்ததுண்டா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், இராமேசுவரம்

பதில்: இருந்தது, அதுவும் சொல்லில்தான் தொடங்கியது. விடுதலைப் போரை முடிக்க அமெரிக்காவும் பிரிட்டனும் செய்த 1783 உடன்படிக்கையின் மூன்றாம் பிரிவு, இன்றைய கனடாவின் கிழக்கிலுள்ள நியூஃபவுண்ட்லாந்து தீவுக்கு அப்பால் ஆழ்கடலில் மீன் பிடிப்பதை அமெரிக்கரின் ‘உரிமை’ என்றது. அப்பகுதியில் பிரிட்டன் வசமிருந்த கரையோரம் பிடிப்பதையும், ஆளில்லா விரிகுடாக்களில் இறங்கி மீன் காய வைப்பதையும் ‘சலுகை’ என்றது. இவற்றுக்காகப் பேச்சுவார்த்தையில் விடாப்பிடியாக நின்றவர் அமெரிக்கத் தூதர்களில் ஒருவரான ஜான் ஆடம்ஸ். இரு நாடுகளுக்கும் இடையே 1812இல் தொடங்கிய போருக்குப் பின், போரோடு சலுகை போயிற்று என்று பிரிட்டன் வாதிட்டது. 1818இல் செய்த சமரசத்தில் சில கரைகளில் மட்டும் சலுகை நிலைத்தது. மற்றவற்றில் மூன்று கடல் மைல்களுக்குள் மீன் பிடிக்கக் கூடாது. புயலுக்கு ஒதுங்கவும், பழுது பார்க்கவும், விறகும் தண்ணீரும் எடுக்கவும் மட்டும் நுழையலாம். நம் மீனவரும் யாத்திரிகரும் கச்சத்தீவுக்கு வந்துபோகலாம் என்று சொல்லும் 1974 ஒப்பந்தத்தின் ஐந்தாம் பிரிவில் மீன்பிடிப்பு என்ற சொல் இல்லை என்பதைத் தாங்கள் அறிவீர்கள்.

கேள்வி: அந்தக் குடியரசில் எங்களைப் போன்ற பெண்களுக்கு ஓட்டு இருந்ததா?
– கடற்பாசி எடுக்கும் வாசகி, சின்ன ஏர்வாடி

பதில்: ஒரே ஒரு மாநிலத்தில், சில காலம் இருந்தது, அம்மா. நியூஜெர்சியின் 1776ஆம் ஆண்டுச் சாசனம், 50 பவுண்டு சொத்துள்ள ‘குடியிருப்போர் அனைவரும்’ வாக்களிக்கலாம் என்றது. ஆண் என்று எழுதவில்லை. ஆகவே சொத்துள்ள விதவைகளும் மணமாகாத பெண்களும், கறுப்பின மக்களில் அந்தச் சொத்துள்ளவர்களும் வாக்களித்தார்கள். மணமான பெண்ணின் சொத்து கணவன் பேரில் இருந்ததால் அவளுக்கு வழியில்லை. பாசி விற்ற காசைத் தங்கள் பேரிலேயே வங்கியில் போட்டு வைக்கும் உங்கள் குழுப் பெண்களுக்கு இதன் பொருள் நன்றாகவே புரியும். 1807இல் நியூஜெர்சி சட்டமன்றம் வாக்குரிமையை வெள்ளை ஆண்களுக்கு மட்டும் என்று சுருக்கியது. அந்த மாநிலத்துப் பெண்கள் மறுபடி வாக்குச்சாவடிக்குப் போனது 1920இல்.