ஒரு லென்ஸோட நிப்பீங்களா, ரெண்டாவது வாங்குவீங்களா?

கேள்வி: நான் திருகோணமலை உப்புவெளி, டவுனில வேலை. லீவு நாளில படம் எடுக்கிறது பொழுதுபோக்கு, இவ்வளவு நாளும் போன்லதான். தம்பலகாமம் வயலில நிக்கிற கொக்கு நாரை எல்லாம் போன்ல சூம் பண்ணினா வெள்ளைப் புள்ளியா வருது, கோயில் திருவிழா இரவுப் படமும் சரியில்ல. கூட வேலை செய்யிற ஒருத்தர் நிக்கோன் டி3500 டிஎஸ்எல்ஆரை (லென்ஸ் கழட்டி மாத்தக்கூடிய பெரிய கமரா) 18-55 லென்ஸோட விக்கிறார். கனடாவில இருக்கிற அத்தான், "அந்தப் பாரம் உனக்கு எதுக்கு, கெனன் ஜி7 எக்ஸ் மார்க் 3 வாங்கித் தாறன், கைப்பைக்குள்ள போடலாம்" எண்டுறார். எதை எடுக்க?

பதில்: தங்கச்சி, எல்லாரும் உங்களுக்கு முதல்ல சொல்லப்போறது "டிஎஸ்எல்ஆர் எண்டா சென்சர் பெரிசு, படம் நல்லா வரும்" எண்டுதான். சென்சர் எண்டா உள்ளுக்க வெளிச்சத்தைப் பிடிக்கிற தகடு. பொய் இல்ல. டி3500 சென்சர் 23.5க்கு 15.6 மில்லிமீட்டர், அத்தான் சொல்ற சின்னக் கமராவில 13.2க்கு 8.8, அதாவது பரப்பளவில மூண்டு மடங்கு வித்தியாசம். ஆனா இதோட கதை முடியேல்ல, இதில பாதியத்தான் கடைக்காரரும் சொல்லுவினம்.

இரவுத் திருவிழாவையே எடுங்கோ. சாமி வெளிவீதி சுத்துது, நீங்க சனத்துக்குப் பின்னால நிண்டு கொஞ்சம் சூம் பண்ணுறீங்க. அந்த 18-55 லென்ஸ் சூம் முழுக்கப் போனா எஃப் 5.6க்கு மேல திறக்காது (எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் வாய் பெரிசாத் திறக்கும்). சின்னக் கமரா அதே அளவு சூம்லயும் எஃப் 2.8 திறக்கும், நாலு மடங்கு வெளிச்சம் உள்ள வரும். அப்ப சென்சர்ல பெரிய கமரா வெண்டதை லென்ஸ்ல சின்னது திருப்பி வாங்கிடும், கடைசியில ரெண்டு படமும் கிட்டத்தட்ட ஒண்டுதான். இதைப் பலர் கவனிக்கிறேல்ல, பெட்டியோட வந்த லென்ஸை மட்டும் வச்சுக்கொண்டு நாலைஞ்சு வருசம் அந்தப் பாரத்தைத் தூக்கித் திரியினம், பிறகு "போனே நல்லா எடுக்குது" எண்டு அலுமாரிக்குள்ள வச்சிடுவினம்.

அதால நான் கேக்கிறது ஒரே கேள்வி. இன்னொரு லென்ஸ் வாங்குவீங்களா? மாட்டன் எண்டா அத்தான் சொல்றதைக் கேளுங்கோ, அதில ஒரு நட்டமும் இல்ல. 300 கிராம் சொச்சம்தான், டச்பே பக்கம் பின்னேரம் நடக்கேக்க கையில இருந்தாலும் ஒருத்தரும் திரும்பிப் பாக்கமாட்டினம், கரைவலை இழுக்கிற ஆக்களும் சங்கடப்படாம நிப்பினம், பெரிய கமராவைத் தூக்கினா உடன "எந்தப் பேப்பர்?" எண்டு கேள்வி வரும். வீடியோவும் அதில 4கே எடுக்கலாம், டி3500ல அது இல்ல.

ஆனா உங்கட கடிதத்தில முதல்ல வந்தது கொக்கு. வயல் வரம்பில இருந்து நாரை நிக்கிற தூரத்துக்கு அந்தச் சின்னக் கமராவின்ட சூம் காணாது, 24ல தொடங்கி 100 மில்லிமீட்டர்ல முடிஞ்சிடும் (இந்த எண் கூடக் கூட தூரத்தில இருக்கிறது கிட்டத் தெரியும்), திரும்பவும் அதே வெள்ளைப் புள்ளிதான், கொஞ்சம் வடிவான புள்ளி. டி3500ல 70-300 லென்ஸ் பூட்டினா அதே கணக்கில 450 மில்லிமீட்டருக்குச் சமன். (கோட்டைக்குள்ள மானுக்கு இதெல்லாம் தேவையில்ல, அதுகள் பக்கத்தில வந்தே நிக்கும், போன் போதும்.) மற்றது, சின்னக் கமராவில கண்ணை வச்சுப் பாக்கிற துவாரமே இல்ல, ஸ்கிரீனை மட்டும்தான் பாக்கோணும். மே மாச வெயில்ல திமிங்கிலம் பாக்கப் போட்டில போய் அந்த ஸ்கிரீனைப் பாருங்கோ, உங்கட மூஞ்சிதான் தெரியும். பற்றரியும் அப்பிடித்தான், கொம்பனிக் கணக்குப்படி டி3500 ஒரு சார்ஜில 1,550 படம், மற்றது 235.

ஆக, உங்களுக்கு டிஎஸ்எல்ஆர். கெனன், நிக்கோன் எல்லாம் மிரர்லெஸ் (உள்ளுக்க கண்ணாடி இல்லாத புது வகைக் கமரா) பக்கம் போயிட்டினம், டிஎஸ்எல்ஆர் பழசு எண்டு யாராவது பயப்படுத்துவினம். பழசுதான், அதாலதான் செக்கன்ட் ஹேண்ட் விலையும் குறைவு, கொக்குக்கு அது தெரியவா போகுது.

காசைக் குடுக்க முதல் ஒருக்கா நேரில பாருங்கோ. லென்ஸைக் கழட்டி ஒரு பக்கத்தால போன் டோர்ச்சை அடிச்சு மற்றப் பக்கத்தால பாத்தா, உள்ளுக்க சிலந்தி வலை மாதிரி மெல்லிசா நூல் நூலா ஓடுதோ எண்டு தெரியும். அது பூஞ்சணம், இருந்தா அந்த லென்ஸ் வேண்டாம், லென்ஸ் இல்லாம கமராவை மட்டும் விலை பேசுங்கோ. பிறகு எஃப் 16ல வச்சு வெறும் வானத்தை ஒரு படம், கறுப்புப் புள்ளி தெரிஞ்சா சென்சர்ல தூசி, அது துடைக்கலாம், பயமில்ல. ஷட்டர் (ஒவ்வொரு படத்துக்கும் திறந்து மூடுற திரை) எத்தனை தரம் அடிச்சிருக்கு எண்டது நிக்கோன் படத்துக்குள்ளயே பதிஞ்சிருக்கும், ஒரு படத்தைக் கொண்டுவந்து கம்பியூட்டர்ல பாக்கலாம்.

வாங்கின பிறகு கடற்கரையில நிண்டு லென்ஸ் மாத்தாதேங்கோ, மணலும் உப்புக்காத்தும் நேர உள்ள போகும். மாரி தொடங்கினா ஒக்டோபர்ல இருந்து தை வரைக்கும் ஊர் முழுக்க ஈரம், அந்த நேரம் கமராவைத் துணிப்பைக்குள்ள சுத்தி வைக்கிறதுதான் பூஞ்சணத்துக்கு விருந்து, காத்துப் போகாத பிளாஸ்டிக் பெட்டியும் சிலிக்கா ஜெல் பைக்கற்றும் போதும்.

இரவுப் படத்துக்கு பிறகு ஒரு நாள் 50 மில்லிமீட்டர் எஃப் 1.8 செக்கன்ட் ஹேண்ட்ல தேடுங்கோ, ஆனா பேர் ஜி எண்டு முடியிறது. டி எண்டு முடியிற பழசு மலிவா வரும், டி3500ல ஓட்டோ ஃபோக்கஸ் வேலை செய்யாது.

அத்தானுக்கு என்ன சொல்றது எண்டா, கமரா வேண்டாம், அந்தக் காசில நிக்கோன் ஏஎஃப்-பி டிஎக்ஸ் 70-300 லென்ஸ் வாங்கித் தாங்கோ எண்டு சொல்லுங்கோ. அதில ரெண்டு வகை இருக்கு, பாத்தா ஒரே மாதிரி, கை நடுக்கத்தைச் சமாளிக்கிறதில விஆர் எண்டு எழுதியிருக்கும், மற்றதில இருக்காது. எழுத்தைப் பாத்து வாங்கச் சொல்லுங்கோ.