4,294,967,297 முதன்மை எண் இல்லையென்று கால்குலேட்டர் இல்லாமல் காட்டலாமா?

களுவாஞ்சிக்குடியில் உயர்தரம் படிக்கிற தம்பி கேட்டிருக்கிறார். காட்டலாம் தம்பி. கல்லடிப் பாலத்தில் பஸ் ஏறி இறங்குவதற்குள் முடிகிற வேலை.

இது 2 இன் 32 ஆம் வலுவோடு 1 கூட்டியது. 2 இன் 1, 2, 4, 8, 16 ஆம் வலுக்களோடு 1 கூட்டினால் 3, 5, 17, 257, 65,537 என்று வரும் வரிசையில் அடுத்தது. முதல் ஐந்தும் முதன்மை எண்கள் (இந்தியப் புத்தகங்களில் பகா எண்). இதுவும் அப்படித்தான் என்று கணிதவியலாளர் பெர்மா (Fermat) நம்பினார். 1732 இல் இன்னொரு கணிதவியலாளர் ஆய்லர் (Euler) அதை உடைத்தார்: 641 × 6,700,417.

641 ஐ எப்படிப் பிடித்தார்? இதன் முதன்மைக் காரணி எதுவானாலும் 64 ஆல் வகுத்தால் மீதி 1 வரவேண்டும். அப்படியான முதன்மை எண்கள் 193, 257, 449, 577, அடுத்தது 641. ஐந்தாவது முயற்சியிலேயே மீன் சிக்கிவிடுகிறது!

நீட்டி வகுக்கவும் தேவையில்லை. 640 = 5 × 2⁷. 641 ஆல் வகுக்கும்போது 640 என்பது −1 மாதிரி (641 ஐ விட 1 குறைவு). நான்காம் வலுவுக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸ என்பது 1 மாதிரி. ஆனால் 5⁴ = 625, அதாவது 641 − 16. ஆகவே 5⁴ ஐ −2⁴ என்று மாற்றி எழுதலாம். இப்போது −2³² என்பது 1 மாதிரி. அப்படியென்றால் 2³² + 1 இன் மீதி பூச்சியம்.

மறைக்குறியில்தான் (− அடையாளம்) எல்லாரும் சறுக்குவது. நானும் முதல்தடவை அங்கேதான் விழுந்தேன். 6,700,417 முதன்மை எண்தான், அதை மேலும் உடைக்கப் பார்க்காதீர்கள்.