சாலைச் சத்தமும் வீட்டு ஜன்னலும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி முதல் மாடியில் எங்கள் ஃபிளாட். ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் பஸ், லாரிச் சத்தம். பழைய தேக்கு ஜன்னலை எடுத்துவிட்டு யூபிவிசி (கெட்டிப் பிளாஸ்டிக்) ஸ்லைடிங் ஜன்னலில் இரட்டைக் கண்ணாடி போட்டால் சத்தமே கேட்காது என்கிறார்கள். நம்பலாமா?
- வாசகி, குரோம்பேட்டை

நம்ப வேண்டாம். செலவுக்கு ஏற்ற பலன் கிடைக்காது. முதல் காரணம் கண்ணாடி இல்லை, ஸ்லைடிங்தான். தள்ளித் திறக்கும் கதவு சட்டத்தோடு இறுக ஒட்டினால் நகராது. அதனால் நடுவில் பிரஷ் போன்ற மயிர்ப் பட்டையை மட்டும் வைக்கிறார்கள். அதன் வழியே காற்று போகும். காற்று போகிற இடத்தில் சத்தமும் போகும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 1200 மி.மீ.க்கு 1200 மி.மீ. ஜன்னல், அதாவது நம் வழக்கில் 4 அடிக்கு 4 அடி. சுற்றளவு 4.8 மீட்டர். சுற்றிலும் 3 மி.மீ. இடைவெளி இருந்தால் அது ஜன்னல் பரப்பில் சரியாக 1 சதவீதம். அந்த 1 சதவீதம் திறந்திருக்கும்வரை, எவ்வளவு விலை உயர்ந்த கண்ணாடி போட்டாலும் 20 டெசிபலுக்கு மேல் குறையாது. சாதாரண 5 மி.மீ. கண்ணாடியே நன்றாக அடைத்தால் 30 டெசிபல் அளவுக்குத் தடுக்கும். சத்தம் 10 டெசிபல் குறைந்தால் காதுக்குப் பாதியாகத் தெரியும். அந்தப் பாதியை இடைவெளியிலேயே இழந்துவிடுகிறீர்கள்.

எனவே வெளிப்பக்கம் திறக்கும் கேஸ்மென்ட் வகையைக் கேளுங்கள். சுற்றிலும் இரண்டு வரிசை இபிடிஎம் ரப்பர் இருக்க வேண்டும். கைப்பிடியைத் திருப்பினால் மூன்று, நான்கு இடங்களில் பூட்டி, கதவைச் சட்டத்தோடு அழுத்த வேண்டும். நடுவில் மட்டும் ஒரு கொக்கி என்றால் மேல் மூலையும் கீழ் மூலையும் நாளடைவில் விலகும்.

அடுத்தது இரட்டைக் கண்ணாடி. 5 மி.மீ. கண்ணாடி, 12 மி.மீ. காற்று, மறுபடி 5 மி.மீ. கண்ணாடி என்பது வெயிலின் சூட்டைக் குறைக்கத்தான் பெரிதும் உதவும். நடுவில் உள்ள காற்று ஸ்பிரிங் போல வேலை செய்வதால் இரண்டு கண்ணாடிகளும் 220 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு 220 அதிர்வு) பக்கத்தில் சேர்ந்து அதிரும். பஸ், லாரி எஞ்சினின் உறுமலில் பெரும் பகுதி அதையொட்டியும் அதற்குக் கீழேயும்தான் இருக்கிறது. அங்கே இந்த ஜோடி ஒற்றைக் கண்ணாடியை விடவும் மோசமாக நடந்துகொள்ளலாம்.

உங்களுக்கு ஏற்றது 8.76 மி.மீ. லேமினேட்டட் கண்ணாடி: 4 மி.மீ. கண்ணாடி இரண்டு, நடுவில் 0.76 மி.மீ. பிவிபி என்ற பிளாஸ்டிக் படலம். சத்தத்துக்கென்றே செய்த பிவிபி படலம் தனியாகக் கிடைக்கும், அதையே கேட்டு வாங்குங்கள். எந்தக் கண்ணாடியும் ஏதோ ஒரு சுருதியில் சத்தத்துக்கு வழிவிடும். 6 மி.மீ. கண்ணாடிக்கு அது 2000 ஹெர்ட்ஸ் அளவில் வரும். ஹாரன் காதைக் குத்துவதும் அந்த எல்லையில்தான். படலம் அந்த அதிர்வை விழுங்கிவிடும்.

இந்தக் கண்ணாடி கனமானது. 2 அடிக்கு 4 அடி கதவில் கண்ணாடி மட்டுமே 15 கிலோ வரும். யூபிவிசி சட்டத்துக்குள் இரும்பு இருக்கிறதா என்று கேளுங்கள். கீல்கள் 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும், கடல் காற்றில் சாதாரண இரும்புக் கீல்கள் துருப்பிடித்து இறங்கும். கதவு 2 மி.மீ. இறங்கினாலே ரப்பர் பிடிக்காது. கிரில் உள்பக்கம் இருந்தால் கைப்பிடிக்குக் கை நுழைய இடம் விடச் சொல்லுங்கள்.

எல்லா ஜன்னலையும் மாற்ற வேண்டியதில்லை. சாலையைப் பார்த்த படுக்கையறையோடு தொடங்குங்கள்.

கேள்வி: டஃபன்டு கண்ணாடி சத்தத்தைத் தடுக்குமா?
- வாசகர், திருச்சி

அதே தடிமனுள்ள சாதாரணக் கண்ணாடி தடுக்கும் அளவுக்குத்தான். டஃபன்டு என்பது எளிதில் உடையாத வலுவுக்காகவும், உடைந்தாலும் கூரிய சில்லாகாமல் இருக்கவும் செய்வது.

கேள்வி: அவிநாசி சாலையில் வீடு. போன வருடம் கேஸ்மென்ட் ஜன்னல், லேமினேட்டட் கண்ணாடி எல்லாம் போட்டோம். சத்தம் கொஞ்சம்தான் குறைந்தது. எங்கே தவறு?
- வாசகர், கோவை

பெரும்பாலும் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில். திறப்பை விட 10, 15 மி.மீ. சிறிய சட்டத்தைக் கொண்டுவந்து, சுற்றிலும் பியூ ஃபோம் என்ற நுரையை அடித்து, மேலே பீடிங் என்ற மெல்லிய பட்டையை ஒட்டி மறைத்துவிடுவார்கள். ஃபோம் மிக லேசானது. அது மட்டும் போதாது. ஃபோம் காய்ந்ததும் வெட்டிச் சமன்செய்து, உள்ளும் வெளியும் சிலிக்கான் பசைக் கோடு விடாமல் ஓட வேண்டும். கிரானைட் பதித்த கீழ்ப்பகுதியில், கல்லுக்கு அடியில் சிமென்ட் நிரம்பாத பொந்து இருக்கும். அதையும் தட்டிப் பாருங்கள், வெற்றொலி வந்தால் அடைக்க வேண்டும்.

காற்றடிக்கும் நாளில் ஃபேனை நிறுத்தி, ஊதுவத்தியை ஜன்னல் ஓரமாக மெல்ல நகர்த்துங்கள். புகை ஆடும் இடத்தில் கசிவு. பிறகு ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுங்கள். எளிதாக உருவி வந்தால் அங்கே ரப்பர் பிடிக்கவில்லை. கீலையோ பூட்டு விழும் தகட்டையோ திருகிச் சரிசெய்யலாம், புது ஜன்னல் தேவையில்லை.

அறையில் வேறு ஓட்டைகளும் இருக்கும். ஏசி பைப் போகும் துளையைப் புட்டியால் அடையுங்கள். மேலே திறந்த வெண்டிலேட்டரோ, இணைந்த குளியலறையில் கண்ணாடிப் பட்டைகள் அடுக்கிய ஜன்னலோ இருந்தால், புது ஜன்னல் செய்த வேலை அத்தனையும் அங்கே வீணாகும்.

ஒன்றை மட்டும் செய்துவிடாதீர்கள்: சட்டத்தின் கீழே உள்ள சிறு துளைகளை அடைப்பது. அவை மழைநீர் வடியும் வழி. அடைத்தால் ஐப்பசி மழையில் தண்ணீர் உள்ளே தேங்கி, லேமினேட்டட் கண்ணாடியின் ஓரம் பால்போல் வெளுத்துப் பிரியும். புளித்த வாடை வீசும் சிலிக்கானும் அந்தப் படலத்தை அரிக்கும். அந்த வாடை இல்லாத நியூட்ரல் சிலிக்கான்தான் போட வேண்டும்.

கேள்வி: மதுரை பைபாஸ் சாலையில் பழைய வீடு. தேக்கு ஜன்னலை எடுக்க மனமில்லை. வேறு வழி உண்டா?
- வாசகி, மதுரை

உண்டு. சத்தத்தைக் குறைப்பதில் மாற்று ஜன்னலை விடவும் இது பல சமயம் மேலானது. பழைய ஜன்னலை அப்படியே விட்டு, 9 அங்குலச் சுவரின் உள் ஓரத்தில் இன்னொரு ஜன்னலைப் பொருத்துங்கள். இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் குறைந்தது 100 மி.மீ. இருக்கட்டும். முதல் பதிலில் சொன்ன அதிர்வு, இத்தனை இடைவெளியில் 75 ஹெர்ட்ஸ் அளவுக்கு இறங்கிவிடும், காதுக்கு அவ்வளவாக உறைக்காது. வெளியே 4 மி.மீ. கண்ணாடி என்றால் உள்ளே 6.38 மி.மீ. லேமினேட்டட் போடுங்கள். இரண்டும் ஒரே தடிமன் என்றால் இரண்டும் ஒரே சுருதியில் வழிவிடும். தேக்குச் சட்டத்தின் இடுக்குகளில் ரப்பர் பட்டை ஒட்டுங்கள். மழைக்காலத்தில் மரம் உப்பும் என்பதால் பட்டை மெல்லியதாக இருக்கட்டும்.

கேள்வி: எல்லாவற்றையும் இப்படி அடைத்துவிட்டால் காற்றுக்கு என்ன செய்வது?
- வாசகர், வேலூர்

நியாயமான கவலை. ஸ்பிளிட் ஏசி அறைக்குள் இருக்கும் காற்றையே சுற்றவிடும், புதுக் காற்றைக் கொண்டுவராது. சாலைக்கு எதிர்ப்பக்க ஜன்னலைத் திறந்து வைத்து, படுக்கையறைக் கதவைக் கொஞ்சம் திறந்து விடுங்கள். அறைக்குள்ளேயே கேஸ் கெய்சர் இருந்தால் ஜன்னலை அடைக்கவே கூடாது, உயிருக்கு ஆபத்து.

கேள்வி: கொட்டேஷன் வாங்கும்போது எதைக் கேட்க வேண்டும்?
- வாசகர், தாம்பரம்

எத்தனை டெசிபல் தடுக்கும் என்று காட்டும் ஆர்.டபிள்யூ. என்ற எண்ணைக் கேளுங்கள். அது கண்ணாடிக்கு மட்டும் சொன்னதா, சட்டத்தோடு சேர்ந்த முழு ஜன்னலுக்கா என்று எழுத்தில் வாங்குங்கள். சாலைச் சத்தத்துக்கு சி.டி.ஆர். என்ற திருத்தமும் உண்டு. ஆர்.டபிள்யூ. 37, சி.டி.ஆர். கழித்தல் 5 என்றால், வண்டிச் சத்தத்துக்கு அது 32தான்.

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளில் குடியிருப்புப் பகுதியில் வீட்டுக்கு வெளியே பகலில் 55, இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல் என்பது வரம்பு. உங்கள் சாலையில் இரவில் 70 இருந்து, படுக்கையறையில் 35 வேண்டுமென்றால் தேவை, சி.டி.ஆர். திருத்தத்துக்குப் பிறகு, 35. அதற்கு மேல் விற்க வந்தால் மறுத்துவிடலாம். செல்போன் செயலியில் அளந்தால் எண் துல்லியமாக இருக்காது. ஆனால் அதே போன், அதே இடம், அதே நேரம் என்று முன்னும் பின்னும் அளந்தால் வித்தியாசம் தெரியும். அந்த அளவை வேலை முடிந்த அன்றே, பாக்கித் தொகையைக் கொடுக்கும் முன் எடுத்துவிடுங்கள்.